பாதி டோஸில் நின்றுபோகும் வைத்தியம்

'ஹார்ட் ஃபெயிலியர்' என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமா அப்பாதான். அது மாரடைப்பு. இது வேறு. இதில் இதயம் நின்றுவிடுவதில்லை. அந்த பம்ப் பலவீனமாகிவிடுகிறது. கால் வீங்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாது, இரண்டு மூன்று தலையணை வேண்டும். பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நோய். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிற நோயும் இதுதான்.

மருந்தே இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து நாடுகளில் நோய் மிகவும் முற்றிய 253 பேரை வைத்து நடந்த 'கன்சென்சஸ்' ஆய்வு 1987-ல் வெளியானது. எனலாப்ரில் கிடைக்காதவர்களில் 44 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இறந்தார்கள். கிடைத்தவர்களில் 26 சதவீதம். 1999-ல் 'சிபிஸ்-2', 'மெரிட்' என்ற இரண்டு பெரிய ஆய்வுகள், பீட்டா பிளாக்கர் மருந்துகளும் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று காட்டின.

சரி, மருந்து நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா? ஐரோப்பாவில் 15 நாடுகளில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 11,000 நோயாளிகளின் கணக்கு 2002-ல் லான்செட் இதழில் வந்தது. எனலாப்ரில் வகை மருந்து பெற்றவர்கள் 60 சதவீதம். பீட்டா பிளாக்கர் பெற்றவர்கள் 34. இரண்டும் பெற்றவர்கள் வெறும் 20. இதைவிட யோசிக்க வைப்பது இன்னொரு விஷயம்: மருந்து பெற்றவர்களுக்கும் டோஸ், சிபாரிசு செய்யப்பட்ட அளவில் சுமார் பாதிதான்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மருந்தின் பெயரையே எழுதாத மருத்துவருக்கு விஷயம் தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் சரியான மருந்தை எழுதிவிட்டுப் பாதியில் நிறுத்துகிறவருக்கு? அங்கே குறைவது அறிவு அல்ல.

பிசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் 1.25 மில்லிகிராம். போய்ச் சேர வேண்டிய இடம் 10. அதாவது முதல் சீட்டு எழுதும்போது பாதையில் எட்டில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது. மீதியை ஒவ்வொரு படியாக ஏற்ற, எல்லாம் ஒழுங்காகப் போனாலே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஒவ்வொரு படியிலும் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், கால் வீக்கம் எல்லாம் பார்க்க வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருப்பது 82 வயதுப் பாட்டி. சிறுநீரகம் சுமார். ஏற்கெனவே ஏழெட்டு மாத்திரை. டோஸை ஏற்றி, தலைசுற்றி, பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பழி மருத்துவர் தலையில். ஏற்றாமல் விட்டு ஒரு வருடம் முன்னதாகவே பாட்டி போய்ச் சேர்ந்தால்? "வயசாச்சு." யாரும் கேட்கப் போவதில்லை. செய்தால் வரும் நஷ்டம் கணக்கில் ஏறுகிறது. செய்யாமல் விட்டதால் வரும் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. பாதி டோஸின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

மருத்துவரின் பயத்தில் நியாயமும் உண்டு. பீட்டா பிளாக்கரை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். மேலே சொன்ன 1999 ஆய்வுகள் இரண்டுமே 80 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. எழுபது தாண்டியவர்களுக்கென்றே நடந்த 'சீனியர்ஸ்' ஆய்வு 2005-ல்தான் வந்தது. அதிலும் பலன் இருந்தது, ஆனால் இளையவர்களிடம் கண்ட அளவுக்கு இல்லை.

அப்படியானால் மருத்துவர்களைக் கூட்டி வைத்து ஒரு லெக்சர் கொடுத்தால் போதுமா? இப்படிப்பட்ட பயிற்சிக் கூட்டங்கள் பற்றிய 81 ஆய்வுகளை 2009-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. மருத்துவர்களின் நடைமுறையில் முன்னேற்றம் சுமார் 6 சதவீதம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்திருக்கும் என்று நம்பலாம்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஜெரி அவோர்னும் ஸ்டீபன் சுமராயும் வேறு வழி பார்த்தார்கள். மருந்துக் கம்பெனிகளின் ரெப் எப்படி விற்கிறார்? மருத்துவரின் அறைக்கே போய், நேருக்கு நேர் உட்கார்ந்து, அவர் தயக்கத்தைக் கேட்டு, பதில் சொல்கிறார். அதே உத்தியை விற்பனைக்குப் பதில் நல்ல வைத்தியத்துக்குப் பயன்படுத்தினால்? தேவையில்லாமல் எழுதப்படும் சில மருந்துகளைக் குறைக்க, பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களை அனுப்பினார்கள். 1983-ல் வந்த முடிவு: அந்த மருந்துகள் 14 சதவீதம் குறைந்தன. வெறும் அச்சடித்த தாள் பெற்ற மருத்துவர்களிடம் மாற்றமே இல்லை.

ஆனால் 'எழுது, எழுது' என்று உற்சாகப்படுத்துவது மட்டும் பயிற்சி ஆகாது. அதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமே சாட்சி. ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை இந்த நோயில் சாவை 30 சதவீதம் குறைக்கிறது என்று 1999-ல் ஓர் ஆய்வு வந்ததும், முதியவர்களுக்கு அதை எழுதுவது வேகமாக ஏறியது. இந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 1994-ல் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-ல் 11 பேர். மருந்து பரவிய வேகத்தில் கண்காணிப்பு பரவவில்லை.

காசு கொடுத்தால் சரியாகுமா? பிரிட்டன் 2004-ல் அதையும் செய்து பார்த்தது. இத்தனை சதவீத நோயாளிகளுக்கு எனலாப்ரில் வகை மருந்து எழுதியிருந்தால் குடும்ப மருத்துவருக்கு இத்தனை புள்ளி, புள்ளிக்குப் பணம். நல்ல திட்டம்தான். ஆனால் புள்ளி கிடைப்பது மருந்து எழுதியதற்கு. டோஸ் சரியான இடத்துக்குப் போனதா என்பதற்கு அல்ல. எதை அளக்கிறோமோ அதுதானே நடக்கும்?

ஆகவே பயிற்சியில் கற்றுத்தர வேண்டியது முதல் சீட்டை அல்ல, இரண்டாவது விசிட்டை. எத்தனை நாளில் திரும்ப வரச் சொல்ல வேண்டும், எந்த ரத்த டெஸ்ட், எந்த எண்ணைத் தாண்டினால் டோஸைக் குறைக்க வேண்டும், யார் போன் செய்து கூப்பிட வேண்டும். முக்கியமாக, எப்போது ஏற்றாமல் நிறுத்துவதும் சரி. பாட்டிக்கு இன்னும் இரண்டு வருடத்தைவிடத் தலைசுற்றாமல் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவதுதான் முக்கியம் என்றால், அவருக்கு அந்தப் பாதி டோஸே முழு வைத்தியம். ஆனால் அதைப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்; மறந்துபோய் நின்றதாக இருக்கக் கூடாது.

2022-ல் வந்த 'ஸ்ட்ராங்-ஹெச்எஃப்' ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு இரண்டே வாரத்தில் முழு டோஸ் வரை ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது இதே நோயால் மீண்டும் சேர்ந்தவர்கள் 15.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 23.3. மருந்துகள் எல்லாம் முன்பே தெரிந்தவை. வித்தியாசம், முதல் இரண்டு மாதத்தில் நான்கு விசிட், ஒவ்வொன்றிலும் பரிசோதனையும் ரத்த டெஸ்ட்டும்.

வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்த டோஸ் இவ்வளவுதானா, இல்லை இன்னும் ஏற்ற வேண்டியதா?" பதில் எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் கேள்வி அவர் முன்னால் வந்துவிட்டால் போதும்.