வட்டப் பாதை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நாமோ டிராம் வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். இக்கல்லூரியின் பழைய மாணவராகிய எமது தந்தையாருக்கு நாம் இழைத்த தவறொன்று அவ்வண்டியோடு பிணைந்து கிடப்பதே அதற்குக் காரணம்.

தந்தையார் 1957 ஆம் ஆண்டில் அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்குச் சென்றவர். மருதானையில் அறை எடுத்துத் தங்கி, நாள்தோறும் டிராம் ஏறிக் கோட்டைக்குப் போய்வந்தார். கொழும்பில் 1899 இல் தொடங்கிய அவ்வண்டிகள் கோட்டையிலிருந்து இரு வழிகளிற் சென்றன. ஒன்று மருதானையூடாகப் பொரளைக்கும், மற்றொன்று கிராண்ட்பாசுக்கும் போயிற்று. அவற்றின் கடைகோடிகளை இணைக்கும் தண்டவாளம் இருக்கவில்லை. போன வழியே திரும்பி வருவதுதான் முறை. 1960 இல் அவ்வண்டிகள் அடியோடு நிறுத்தப்பட்டன. ஆயினும் அவற்றின் மணியோசையைத் தந்தையார் இறுதிவரை மறந்தாரல்லர்.

2013 ஆம் ஆண்டில், மெல்பேணில் வாழும் எமது தமையனாரைக் காணத் தந்தையாருடன் சென்றோம். அந்நகரின் நடுப்பகுதி 1837 இல் சதுரங்கப் பலகை போல அளந்து வகுக்கப்பட்டது. அதனைச் சுற்றி வரும் டிராம் ஒன்று 1994 முதல் கட்டணமின்றி ஓடியது. மற்ற வண்டிகளுக்கு அந்நாளிற் காசு கொடுக்க வேண்டும். தந்தையாரின் விருப்பம் ஒன்றே ஒன்று. அங்குள்ள மாநில நூலகத்தில், 1913 இல் திறக்கப்பட்ட குவிமாட வாசிப்பு மண்டபத்தை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும் என்றார்.

நாம் நகரப் படத்தை விரித்தோம். வட்ட டிராமின் கோடு பிளின்டர்ஸ் வீதி நிலையத்தையும் தொட்டது, நூலகத்தின் மூலையையும் தொட்டது. காசும் மிச்சம், ஊரையும் பார்க்கலாம் என்று மகிழ்ந்து, முதலில் வந்த வண்டியில் அவரை ஏற்றினோம். அது மேற்கே திரும்பித் துறைமுகப் பக்கம் சென்று, அங்கே நெடுநேரம் சுற்றியது. நேரே வடக்கு நோக்கிச் சென்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்த் தூரம். மரஇருக்கையில் அரை மணிக்கு மேல் இருந்ததில், வலியுள்ள அவரது முழங்கால்கள் மரத்துப்போயின.

"தம்பி, கோட்டையிலிருந்து மருதானைக்குப் போறவனைப் பொரளை சுத்திக் கொண்டுவந்து இறக்கின மாதிரிக் கிடக்கு" என்றார். அதிலே கோபம் இல்லை. இறங்கியபின் நூலகத்தின் படிகளை ஏற அவரால் இயலவில்லை. முன்றிலில் இருந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "போதும், வீட்டை போவம்" என்றார். இரண்டு ஆண்டுகளின் பின் அவர் சிவபதமடைந்தார். அம்மண்டபத்தை அவர் காணவேயில்லை.

அதன்பின் வட்டப் பாதைகளைப் பற்றித் தேடிப் படிக்கலானோம். எமது பிழை எம்முடையது மட்டுமன்று. நகரங்களை வகுப்போரும் வழுக்கி விழும் இடம் அதுவே என்று கண்டோம். படத்திலே வட்டம் அழகானது. நெருங்கிய குடியிருப்புகள் பலவற்றை ஒரே கோட்டால் தொட்டுவிடலாம். ஆயின் ஒரு திசையில் மட்டும் ஓடும் வட்டத்தில் ஒரு தரிப்பிடம் தள்ளிப் போகிறவனும், பத்துத் தரிப்பிடம் தள்ளிப் போகிறவனும், போக்கும் வரவும் கூட்டினால் முழுவட்டத்தையே சுற்றி முடிக்கிறான். கிட்டப் போனவன் திரும்பும்போது எட்டச் சுற்ற வேண்டும். வட்டத்திற்கு முடிவிடமும் இல்லை. ஆதலால் ஒரு சுற்றின் தாமதம் அடுத்த சுற்றின்மேல் ஏறுகிறது. அதனைத் தீர்க்க எங்காவது வண்டியை நிறுத்திவைத்தால், உள்ளே இருப்போர் காத்துக் கிடக்க வேண்டும். வளைவுதோறும் வண்டியின் வேகமும் குறைகிறது.

இதற்கு மாற்று உண்டு. அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் 2001 இல் டிராம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2012 இல் ஆற்றின் கீழ்க்கரைக்கு நீண்டு, 2015 இல் புதிய பாலம் திறந்தபின் முழுவட்டமாயிற்று. அங்கே ஒரு வண்டி வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் செல்கின்றன. பயணி தனக்குக் குறுகிய பக்கத்தைத் தெரிந்துகொள்ளலாம். நகர நடுவிலே போகும் தடமும் வரும் தடமும் அடுத்தடுத்த இரு வீதிகளில் உள்ளன. இடைத்தூரம் சிறிதே. ஏறிய இடத்தின் அருகே திரும்பி வந்து இறங்க முதியவராலும் முடியும்.

நாம் பொறியியல் கற்றவரல்லேம்; பயிற்றப்பட்ட தமிழாசிரியரே. ஆயினும் எம் வகுப்புகளில் இருந்து எழுந்து செல்லும் மாணவர் சிலர் நாளை நகரங்களுக்குப் பாதை வகுப்பர். நெருக்கமான நம் தலைநகரில் மீண்டும் தண்டவாளம் இடும் நாள் வரின், அவர் கையிலும் அது இருக்கலாம். அவர்க்கு நாம் சொல்லக் கூடியது இதுவே: படத்தில் வட்டம் வரையுமுன், அதில் ஏறப்போகும் முதியவர் ஒருவரை மனத்தில் இருத்துக. அவர் எங்கிருந்து எங்கே போக விரும்புகிறார், எப்படித் திரும்புவார் என்று முதலிற் கேட்க.

நாம் அன்று தந்தையாரிடம் அதனைக் கேட்டோமல்லேம். படத்தையே கேட்டோம்.