கோயில் அரிசி

ஆச்சியின் அடுப்படியில் அரிசிக்கு இரண்டு பானைகள் இருந்தன. பெரியது எங்களுக்கு. அதன் பக்கத்தில், விளிம்பு பொரிந்துபோன ஒரு சின்னக் கலயம், மேலே சிரட்டை மூடி. அதில் இருந்தது கோயில் அரிசி. சோறு பொங்குவது அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் இரவுக்கு மட்டும்தான், காலையில் பழையது. உலை வைத்துவிட்டு, உழக்கால் அளந்து சுளகில் கொட்டுவாள். நாவிப் புடைத்து, களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கை அள்ளுவாள். அள்ளிய கையை நெஞ்சுக்கு நேராகக் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். கண் மூடியிருக்கும், உதடு மட்டும் அசையும். பிறகு சிரட்டையை நீக்கிக் கலயத்துக்குள் கையைத் திறப்பாள். வாரத்தின் தொடக்கத்தில் வெறும் மண்ணில் விழுகிற அரிசி சலசலவென்று கேட்கும். சனிக்கிழமை ஆகும்போது சத்தம் அமுங்கிவிடும், அரிசி அரிசிமேலேயே விழுவதால். ஞாயிறு நெருங்கிவிட்டது என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊர் குதிரைமொழித் தேரியின் ஓரம். காற்றடி காலத்தில் செம்மண் பறந்து வந்து தலையணைவரை சிவக்கும். பனையும் முள்ளும் தவிர வேறு எதுவும் லேசில் வேர் பிடிக்காத மண். அதில் கிணறு வெட்டி, மரம் வைத்து, மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தோடு ஆலயம் எழுப்பினார் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ். 1870இல் இறந்து அங்கேயே அடக்கமானார். எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் பனைகளுக்கு நடுவே அந்தக் கோபுரத்தின் முனை ஊசிபோலத் தெரியும். தாத்தாவுக்கு அது தினமும் தெரிந்தது. அவர் பனையேறி. பங்குனியில் தொடங்கி ஆவணிவரை காலையும் மாலையும் மரம். முதல் மரத்தின் அடியில் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, பனையை ஒரு முறை தொட்டு, "இயேசுவே" என்பார். அந்த ஒரு சொல்தான் அவருடைய காலை ஜெபம்.

ஆச்சியின் பாடு விடிலியில். பதனீரைக் காய்ச்சுகிற புகையில் அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவாள். பாகு இறுகும் பதம் தவறினால் அன்றைய உழைப்பு வீண். துடுப்பிலிருந்து வழிகிற நூலைப் பார்த்தபடியே சங்கீதம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. 91ஆம் சங்கீதமும் 121ஆம் சங்கீதமும் முழுக்க மனப்பாடம். 121 முடியும்போது பாகு இந்த அளவு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குகூட வைத்திருந்தாள்.

ஒரு வருஷம் சித்திரை மாதத்தில் தாத்தா பாதி மரத்திலிருந்து சறுக்கிவிட்டார். நெஞ்சுத் தோல் முழுக்க உரிந்து இரண்டு மாதம் படுக்கை. சம்பாதிக்க வேண்டிய காலத்தில் வருமானம் நின்றது. பெரிய பானையில் தூர் தெரிந்தது. ஆச்சி அரைவைக்காரரிடம் சொல்லிக் குருணை வாங்கிவந்தாள், கோழிக்குப் போடுவதுபோன்ற பொடிக் குருணை. அன்றைக்கும் சுளகில் கொட்டினாள், புடைத்தாள், ஒரு கை அள்ளினாள். எனக்கு ஏழோ எட்டோ வயது. பசி.

"கோயிலுக்குப் போய் யாராச்சும் குருணையப் போடுவாங்களா ஆச்சி?" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தை முடித்துவிட்டு, கலயத்தில் போட்டுவிட்டு, சிரட்டையை மூடிவிட்டுத்தான் சொன்னாள். "அவருக்கும் இன்னைக்கி குருணதாம்ட்டி."

எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். வேத வியாக்கியானங்கள் படித்திருக்கிறேன். கன்வென்ஷன் பந்தல்களில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்த அடுப்படியில் கேட்ட வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டோம். ஆச்சியின் கணக்கில் ஆறு. எங்களுக்கு நெல்லுச் சோறு என்றால் அவருக்கும் நெல்லுச் சோறு, எங்களுக்குக் குருணை என்றால் அவருக்கும் குருணை. கஷ்டப்படும் வீட்டில் இருந்து எழுந்து போய்விடாத ஒருவர். பிற்காலத்தில் நான் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடி மாய்ந்த நாட்கள் உண்டு. ஆச்சி அப்படி ஒரு நாள்கூடத் தவித்ததாக எனக்கு நினைவில்லை. பாடுபட்டாள், நோயில் விழுந்தாள், ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தாள். தான் யாருக்கு, எதற்கு என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. தினம் ஒரு கைப்பிடி அளவுக்கு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரம் எனக்குப் பிடித்தது. பெண்கள் வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன்னே வைத்திருக்கும் பெரிய ஓலைக் கடகத்தில் கொட்டுவார்கள். எட்டிப் பார்த்தால் வீடு வீடாகத் தெரியும். கடை வைத்திருந்த வீட்டின் வெள்ளைப் பச்சரிசி, வயல்காரர்களின் சிவப்புச் சம்பா, பழுப்பேறிய ரேஷன் அரிசி, புழுங்கல், எங்கள் குருணை. ஒருவர் கொட்டியதன்மேல் அடுத்தவர் கொட்ட, கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று தெரியாமல் கலந்துபோகும். அந்த வாரம் ஆச்சி கொட்டியபோது நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. பின்னால் வந்த ஒரு அத்தை தன் சம்பாவை அதன்மேல் கொட்டினார். குருணை மறைந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அந்த அரிசி ஏலம். ஒருதரம், ரெண்டுதரம் என்று உபதேசியார் கூவ, கடை விலையைவிடக் கூடுதலாகவே போகும். தாத்தா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, முதல் கருப்பட்டி விற்ற காசில் அந்த அரிசியை ஏலத்தில் எடுத்தார். அன்று இரவு ஆச்சி பொங்கிய சோறு இன்றும் என் நாக்கில் இருக்கிறது. ருசிக்காகச் சொல்லவில்லை. பச்சரிசி குழைந்து களியாகிவிட்டது. புழுங்கல் பதமாக இருந்தது. சம்பா நறுக்கு நறுக்கென்று பல்லில் பட்டது. குருணை அடியில் போய் ஒட்டிக்கொண்டது. "ஊரு பூராவும் நம்ம தட்டுல இருக்கு" என்று தாத்தா வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

அந்தக் காசு எங்கே போகும் என்பதும் ஆச்சிக்குத் தெரியும். கோயில் எண்ணெய்ச் செலவு, உபதேசியார் சம்பளம். ஒரு பங்கு மிஷனெரி ஊழியத்துக்கு. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வி. எஸ். அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் முன்நின்றவர். நம் ஊர்க்காரர்களே காசு போட்டு, நம் ஊர்க்காரர்களையே தெலுங்கு நாட்டுக்கு ஊழியத்துக்கு அனுப்பினார்கள். 1912இல் அங்குள்ள டோர்னக்கலுக்கு அசரியாவே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர். ஆச்சி தூத்துக்குடியைத் தாண்டியதில்லை. ஆனால் சாயங்கால ஜெபத்தில் டோர்னக்கல் தவறாமல் வரும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, யாராவது ஒருவர் வேதம் வாசித்ததும் அவள் தொடங்குவாள். பேரப்பிள்ளைகளின் பரீட்சை, சினையாக இருந்த ஆடு, கிணற்று நீர், எதிர்வீட்டுக்காரரின் காசநோய், அப்புறம் டோர்னக்கல். எனக்குத் தூக்கம் சொக்கும். அவள் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குரலுக்குள் தூங்கியதுபோல் பிறகு நான் தூங்கியதில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கோயில் அரிசிக்கென்று வைத்தேன். இங்கே சபையில் அரிசி எடுக்கும் வழக்கம் இல்லை. காணிக்கைக் கவர் தருவார்கள். இப்போது கைபேசியிலேயே அனுப்பிவிடலாம். மாதம் பிறந்ததும் தசமபாகத்தை எடுத்து அனுப்பிவிட்டுத்தான் மற்ற செலவு. அதில் குறை வைத்ததில்லை. ஆனால் அது மாதத்தில் ஒரு நாள், ஒரு நிமிஷம். குக்கரில் அரிசி அளந்து போடும்போது என் வலது கை இன்னும் ஒரு நொடி தயங்கும். பக்கத்தில் கலயம் இல்லை. விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஆச்சியின் உதடு என்ன சொல்லியிருக்கும் என்று யோசிப்பேன். கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேன்.

அவள் ஒரு வியாழக்கிழமை இரவு போனாள். அடக்கம் முடிந்து ஞாயிறு வந்தபோது அம்மா அடுப்படிக்குப் போய்க் கலயத்தைத் திறந்தாள். திங்கள், செவ்வாய், புதன், மூன்று கைப்பிடி அரிசி இருந்தது. அம்மா அதை அப்படியே கொண்டுபோய்க் கடகத்தில் கொட்டினாள். கலயம் வீட்டை இடித்துக் கட்டியபோது எங்கோ போயிற்று. யாரும் உடைத்ததாகச் சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஈஸ்டருக்கு ஊருக்குப் போனேன். விடியுமுன்னே கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. சுண்ணாம்பு அடித்த கல்லறைகளுக்கு நடுவே நின்று உயிர்த்தெழுதலின் பாட்டைப் பாடினோம். ஆச்சியின் கல்லறையில் கை வைத்தேன். இரவுப் பனியில் குளிர்ந்திருந்தது. பிறகு ஆராதனை, காணிக்கை. ஓலைக் கடகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை. ஆனால் பெண்கள் இன்னும் அரிசி கொண்டுவந்தார்கள்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏலத்தில் விடாமல் கேட்டு அந்த அரிசியை எடுத்தேன். "சென்னைக்கு அரிசி கொண்டுபோறீயளாக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பை என் தலைமாட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அன்று மதியமே பொங்கினேன், குக்கரில் இல்லாமல் பானையில், வடித்து. தட்டில் போட்டபோது வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே பதத்தில் வெந்திருந்தது. எல்லா வீட்டிலும் இப்போது ஒரே பொன்னி அரிசிதான். எங்கள் ஊரில் இனி யாரும் குருணை சாப்பிட வேண்டியதில்லை. அதற்காகத் தட்டின் முன்னே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும், குழம்பு ஊற்றாமல், விரலால் சோற்றைக் கிளறித் தேடிக்கொண்டிருந்தேன்.