காலண்டர் தாளும் அப்பத்தா மாத்திரையும்

இந்தச் சுவர் இதழுக்கு ஏதாவது எழுதித் தா என்று தமிழய்யா கேட்டார். எனக்குப் பெரிய விஷயம் எதுவும் தெரியாது. எங்கள் வீடு எப்படி நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்க வீட்டுல 5 பேர். அம்மா ஏலக்காட்டு வேலைக்குப் போறவங்க. வெள்ளன 4 மணிக்கு எந்திரிச்சு, சோறு பொங்கி, தூக்குவாளியில எடுத்துக்கிட்டு ஜீப்பு ஏறிடுவாங்க. கம்பம்மெட்டு வழியா இடுக்கி மாவட்டத்துக்குப் போயி, காய் எடுத்துட்டுப் பொழுது சாயத்தான் வருவாங்க. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்துல வேலை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிச்சே, அதே பன்னீர் திராட்சைதான். அப்புறம் அப்பத்தா, நான், ஏழாவது படிக்கிற தம்பி. அப்பத்தாவுக்குச் சர்க்கரை வியாதி.

போன வருஷம் ஆவணி மாசம், ஒரு சனிக்கிழமை. அம்மா மலைக்குப் போயிட்டாங்க. அப்பா கவாத்து வேலைக்குப் போயிட்டார். நான் அப்பத்தாவுக்குக் காலை மாத்திரையைக் குடுத்துட்டுத் துணி துவைக்கப் போனேன். தம்பி, அக்கா மறந்துட்டான்னு நெனச்சு, அவனும் ஒண்ணு குடுத்துட்டான். அப்பத்தா அன்னைக்குச் சரியாச் சாப்பிடவும் இல்லை. 11 மணி இருக்கும். அப்பத்தாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பேச்சு குழறுது. எனக்குக் காலும் ஓடலை, கையும் ஓடலை. பக்கத்து வீட்டு அத்தைதான் ஓடிவந்து சீனியைக் கரைச்சுக் குடிக்க வெச்சாங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்க நர்ஸக்கா கேட்டாங்க: “என்ன மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? எப்பக் குடுத்தீங்க?” எங்க யாருக்கும் பதில் தெரியலை. மருந்துச் சீட்டு எங்க இருக்குன்னும் தெரியலை. சர்க்கரை 70-க்குக் கீழ இறங்கினாலே ஆபத்துன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்னும் சொன்னாங்க.

சாயங்காலம் அம்மா வந்து, “மாத்திரை யாரு குடுத்தது?”ன்னு கேட்டாங்க. “நான்”னு நானும் சொன்னேன், “நான்”னு தம்பியும் சொன்னான். அம்மா திட்டவே இல்லை. பேசாம உக்காந்துட்டாங்க. திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்லை.

அன்னைக்கு ராத்திரி அப்பா தன்னோட தோட்டத்து நோட்டைக் காட்டினார். கவாத்து எந்தத் தேதி, மருந்து அடிச்சது எந்தத் தேதின்னு எழுதி வெச்சிருந்தார். “நாலு மாசத்துல வெட்டுற பழத்துக்கே எழுதி வெக்கிறேன். பெத்த ஆத்தாளுக்கு எழுதலையே”ன்னார். யோசிச்சுப் பார்த்தால் நம்ம பள்ளத்தாக்கே கணக்கு எழுதித்தான் பிழைக்கிறது. பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. இன்றைக்கும் தினமும் அதன் நீர்மட்டத்தை அளந்து எழுதுகிறார்கள், பேப்பரிலும் போடுகிறார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி எட்டுமா என்று ஊரே பார்க்கிறது. 14,707 ஏக்கர் நெல்லும் அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது.

மறுநாளே நாங்கள் நாலு ஏற்பாடு செய்தோம்.

1. மாத்திரைக் காலண்டர்: காலையில் மாத்திரை குடுத்தால் அன்றைய தாளின் ஓரத்தை மடக்க வேண்டும். ராத்திரி குடுத்ததும் தாளைக் கிழிக்க வேண்டும். மடக்காமல் இருந்தால் இன்னும் குடுக்கவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரை.

2. மஞ்சப்பை: மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில், ஒரே ஆணியில். எடுத்தவர்தான் திரும்ப வைக்க வேண்டும்.

3. கல்யாணப் பத்திரிகைக் கவர்: கூலி வந்ததும் அரிசி மளிகை, மகளிர் குழுத் தவணை, பஸ்ஸும் நோட்டும், ஆஸ்பத்திரி என்று 4 கவரில் பிரித்துப் போடுகிறோம். ஆஸ்பத்திரிக் கவரில் யாரும் கைவைக்கக் கூடாது.

4. சிலேட்டு: தம்பியின் பழைய சிலேட்டு அடுப்படியில் தொங்குகிறது. எந்தச் சாமான் தீருகிறதோ, அதைக் கடைசியாக எடுத்தவர் எழுத வேண்டும்.

இது முதல்ல சரியா நடக்கலை. ரெண்டாம் நாளே எங்க அப்பத்தா, 40 வருஷப் பழக்கத்துல, விடிஞ்சதும் காலண்டர் தாளைக் கிழிச்சுட்டு ராகு காலம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மடக்க வேண்டிய தாளே இல்லை! அப்பறம் கடையில குடுத்த இன்னொரு காலண்டரை மாட்டினோம். இப்ப ஒண்ணு சாமிக் காலண்டர், ஒண்ணு மாத்திரைக் காலண்டர். சிலேட்டுலயும் தம்பி 3 நாள் “முறுக்கு”ன்னு மட்டும்தான் எழுதினான்.

2021-இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல எங்க அப்பத்தாவுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து குடுக்கிறாங்க. போன மாசம் வந்த அக்கா, “மாத்திரை மிச்சம் எத்தனை?”ன்னு கேட்டாங்க. தம்பி மஞ்சப்பையை எடுத்து, பேரு, அளவு, மிச்சம் எல்லாம் கடகடன்னு சொன்னான். “யாருப்பா சொல்லிக் குடுத்தது?”ன்னு கேட்டதுக்கு அப்பத்தா முந்திக்கிட்டு, “எம் பேத்தி”ன்னாங்க.

அம்மா வீட்டுல இருக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு முன்னாடி கோபம் உண்டு. இப்பத்தான் புரியுது. மாத்திரை, ரேஷன், தவணை, ஃபீஸ் எல்லாத்தையும் அவங்க தலைக்குள்ளயே வெச்சு மலைக்குச் சுமந்துட்டுப் போயிருக்காங்க. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா தலையில் இருந்ததை இறக்கிச் சுவரில் மாட்டினோம், அவ்வளவுதான்.

போன வாரம் அம்மா சொன்னாங்க: “முன்னெல்லாம் ஜீப்புல வீட்டு நெனப்பாவே போவேன். இப்ப மெட்டு ஏர்ற வரைக்கும் தூங்கிட்டுப் போறேன்த்தா.”

நண்பர்களே, உங்க வீட்டுலயும் மாத்திரை சாப்பிடுற பெரியவங்க இருப்பாங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த மாத்திரைப் பேரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அஞ்சு நிமிஷ வேலைதான்.



– 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி