அப்பாவின் நிறம்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. "கூடத்துல மாட்டுறதுக்கு அப்பா படம் ஒன்னு பெரிசா போட்டுக் குடும்மா" என்றார் அம்மா.

என் கைத்தொலைபேசியில் ஒரு படம் இருந்தது. பத்துமலையில் வண்ணம் பூசிய 272 படிகளுக்குக் கீழே, மயில் நீலச் சட்டையில் அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். அதையே அச்சுக்குக் கொடுத்தேன்.

வந்த படத்தில் படிகள் வெளுத்திருந்தன. அப்பாவின் முகம் ஒரே கறுப்பாக அப்பியிருந்தது. கண்கூடத் தெரியவில்லை.

"பேப்பர்ல இப்படித்தாங்க்கா வரும். வேணும்னா முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரவா?" என்றார் கடைக்காரத் தம்பி. நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

இரண்டாவது படத்தைப் பார்த்து அம்மா, "யாரு இது?" என்று கேட்டார். முப்பது வருடம் லோரி ஓட்டி வெயிலில் கறுத்த முகம் அப்பாவுடையது. அதை வெள்ளையாக்கச் சம்மதித்த என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

வானொலியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விளம்பரத்தைக் கலையகத்தின் பெரிய ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டுவிட்டு ஒலிபரப்ப மாட்டோம். சின்ன ஒலிபெருக்கியிலும் போட்டுக் கேட்போம். நேயர் அதைக் காரில்தானே கேட்கப் போகிறார்? படத்துக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று புகைப்படக்கார நண்பர் ஒருவர் சொல்லித்தந்தார். அதன் பெயர் சாஃப்ட் புரூஃபிங்.

திரை, தானே ஒளியை வீசுகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் மையில் அப்படியே வராது. பளபளப்பில்லாத மேட் தாளில் கறுப்பின் ஆழமும் குறையும். ஒவ்வோர் அச்சு இயந்திரமும் ஒவ்வொரு தாளும் எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்ற விவரம் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். அதுதான் ஐசிசி புரொஃபைல். நல்ல அச்சுக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வீட்டில் அச்சடிப்பவர்களுக்குத் தாள் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

முதலில் கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். அப்போதே பாதி உண்மை புரிந்துவிட்டது. படமே இருட்டுதான், கைத்தொலைபேசியின் பளீர் வெளிச்சம் அதை மறைத்திருக்கிறது. பிறகு லைட்ரூம் கிளாசிக்கில், டெவலப் பகுதிக்குப் போய் 'எஸ்' விசையைத் தட்டி, கடையின் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் வந்த அதே மங்கல் படம் திரையில் தெரிந்தது, தாள் செலவே இல்லாமல்!

அங்கே இரண்டு வழிகள் இருந்தன. 'பெர்செப்சுவல்' எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும். 'ரிலேட்டிவ்' தாளில் அடங்கும் நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, அடங்காதவற்றை மட்டும் எல்லைக்குள் இழுக்கும். தோல் நிறம் பெரும்பாலும் தாளில் அடங்கிவிடும் என்பதால் இரண்டாவதை எடுத்தேன். படிகள் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். முகத்தின் நிழலை மட்டும் சற்றுத் தூக்கினேன். நிறத்தைத் தொடவில்லை.

திரையில் தெரிவது மாதிரிதான், முடிவு அல்ல. அதனால் முதலில் சின்னதாக ஒன்று அச்சடித்து, கூடத்து விளக்கில் வைத்துப் பார்த்தேன். "ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் தம்பி" என்று கடையில் சொல்லிவிட்டுத்தான் பெரிய படத்துக்குக் கொடுத்தேன். அதைச் சொல்லாவிட்டால் நாம் பார்த்துப் பார்த்துச் செய்ததை இயந்திரம் மாற்றிவிடக்கூடும்.

படத்தை மாட்டியதும் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"பாரு, அன்னைக்கும் மேல் பொத்தானைப் போடாமத்தான் வந்திருக்காரு."