அரை மாத்திரை

தமிழில் மாத்திரை என்றால் இரண்டு. ஒன்று விழுங்குவது. மற்றது ஒலியின் கால அளவு: கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அவசரம் வருவதற்கும் கக்கூஸ் கதவைத் தொடுவதற்கும் இடையில் என் பெரியம்மாவுக்கு எத்தனை மாத்திரை நேரம் கிடைக்கிறது என்பதுதான் மூன்று வருஷமாக எங்கள் வீட்டின் முதல் பிரச்சினை. அதற்காகக் கொடுத்த மாத்திரையை அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பது இரண்டாவது. அவளுக்குப் புத்தி தடுமாறுகிறதா என்பது மூன்றாவது. வீட்டில் இவற்றை ஒரே நூலில் கோத்துவிட்டார்கள்: புத்தி தடுமாறுகிறது, அதனால் மாத்திரையை மறக்கிறாள், அதனால் சேலை நனைகிறது. காரண காரியம் இவ்வளவு சுத்தமாக அமைந்துவிட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

பெரியம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 1979 முதல் 2012 வரை வேலை செய்தவள். கைமடியாகச் சேர்ந்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, கடைசியில் மடித்து டசன் கட்டினாள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு மணி, ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். அவள் வேலை பார்த்தவற்றில் பாதி, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்கள். ஒரு வீட்டின் பின்கட்டில் எட்டு மிஷின், முப்பது பேர், ஒரு கக்கூஸ். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, வேலையில் இருக்கும் எந்த நேரத்திலும் தொழிலாளி போய்வரத்தக்க கழிப்பிடம் வேண்டும் என்றது. ‘எந்த நேரத்திலும்’ என்ற சொற்கள் அப்படியே அதில் இருந்தன. சட்டம் எழுதியவர்கள் பீஸ்ரேட்டை யோசித்திருக்க மாட்டார்கள். எழுந்து போகிற ஐந்து நிமிஷத்தில் எத்தனை பீஸ் போகும் என்று மனக்கணக்குப் போட்டபடி இருப்பவளுக்குக் கதவு திறந்திருந்து என்ன? தண்ணீர் குடிக்காமல் இருப்பதே அவர்கள் கண்டுபிடித்த வழி. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டில் பாதிக்கு மேல் வீட்டுக்கே திரும்பிவரும்.

1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. பெரியம்மாவைக் கேட்டால் அரிசிக்குப் பட்ட கஷ்டத்தைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த நாலு மாசந்தான் சாமி, நெனச்ச நேரத்துக்கு ஒண்ணுக்குப் போனேன்” என்பாள். எந்த ஆய்விலும் இந்த வரி கிடையாது.

இப்போது வந்திருக்கும் உபாதைக்கு அந்த முப்பது வருஷ அடக்கம்தான் காரணம் என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும். அப்படிச் சொல்ல மருத்துவம் இடம் கொடுக்கவில்லை. எதையும் அடக்கி வாழாத சீமாட்டிகளுக்கும் இது வருகிறது. சர்வதேச அமைப்பு ஒன்று 2002-இல் இதற்கு வரையறை செய்தது: தள்ளிப்போட முடியாத திடீர் உந்துதல், பெரும்பாலும் பகலில் அடிக்கடியும் இரவில் எழுந்தும் போக நேர்வது, கசிவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர்மாத்திரை எல்லாவற்றையும் பார்த்து விலக்கிய பிறகுதான் இந்தப் பெயர். சிகிச்சையின் முதல் படி மருந்தல்ல, பயிற்சி. உந்துதல் வந்ததும் ஓடாமல், இடுப்படித் தசையை இறுக்கிப் பிடித்து, இடைவெளியைக் கால்மணி, அரைமணி என்று வாரக்கணக்கில் நீட்ட வேண்டும். இதை டாக்டர் விளக்கியபோது பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “அடக்கிப் பழகோணுமாமா? எனக்கா?”

பயிற்சி போதவில்லை என்று ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார்கள். 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து, விலை மலிவு. இது என்ன செய்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஓர் இரவு கனவில் ஒரு பரிசோதனையைக் கண்டு, விழித்து, காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு. இந்தத் தடவை எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஒரு தவளையின் இதயத்தை நரம்பைத் தூண்டி மெதுவாக்கி, அது கிடந்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்தின்மேல் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று 1921-இல் இப்படித்தான் வெளிவந்தது. 1936-இல் நோபல் பரிசு. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். சிறுநீர்ப்பை சுருங்குவது அதன் கட்டளையால். மூளையில் கவனமும் ஞாபகமும் நடக்க வேண்டியதும் அதைக்கொண்டுதான். ஆக்ஸிபியூட்டினின் அந்தக் கட்டளையைத் தடுக்கிறது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் நுழையக்கூடிய மருந்து. கீழே மட்டும் வேலை செய், மேலே போகாதே என்று அதற்குச் சொல்ல முடியாது. வாய் வறள்கிறது, மலம் கட்டுகிறது, சிலருக்குப் புத்தி மந்திக்கிறது.

இந்த வகை மருந்துகளைப் பற்றி 2015-இல் சியாட்டிலில் 3434 முதியவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். 2019-இல் இங்கிலாந்தில், மறதிநோய் கண்ட 58,769 பேரின் பழைய மருந்துச் சீட்டுகளை, நோயற்றவர்களின் சீட்டுகளோடு ஒப்பிட்டார்கள். அதிக அளவில் நீண்ட காலம் சாப்பிட்டவர்களிடையே மறதிநோய் கூடுதலாகத் தெரிந்தது. மருந்துதான் நோயை உண்டாக்கியது என்று இது நிரூபித்துவிடவில்லை; இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவே. ஆனால் மறதியால் மாத்திரை தவறுகிறது என்ற எங்கள் வீட்டு வாக்கியத்தைத் தலைகீழாக நிறுத்திப் பார்க்க இது போதும்.

அண்ணி மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்திருக்கிறாள். முப்பதில் பதினேழு மிச்சம். “அத்தைக்கு சுத்தமா ஞாபகமில்லைங்க” என்றாள் என்னிடம். அண்ணன் ஒரு டாக்டரிடம் பரிசோதனைக்கு அழைத்துப்போனான். 1975-இல் அமெரிக்காவில் ஏற்படுத்திய முப்பது மதிப்பெண் கேள்வித்தாள். இன்று என்ன தேதி, இது என்ன ஊர், எந்த மாடி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரியம்மா தொண்ணூற்று மூன்று என்றாள், எண்பத்தாறு என்றாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். “ஏழேழா எவன் எண்ணுவான்? பன்னண்டு பன்னண்டாக் கேளுங்க.” டாக்டர் நல்ல மனிதர். கேட்டார். நூற்று நாற்பத்து நான்கிலிருந்து பூஜ்யம் வரை மூச்சுவிடாமல் இறங்கினாள். தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்டதில் ஒன்று வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சமீப காலமாகச் சொன்னதையே சொல்கிறாள், அடுப்பை அணைக்க மறக்கிறாள். என் கட்சிக்கு வசதியாக அவளை முழுப் பிரக்ஞையுள்ளவளாக நான் வரைந்துவிடக் கூடாது.

ஞாபகசக்திக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொன்னான் அண்ணன். டாக்டர் மறுத்தார். டோனெபெசில் போன்ற அந்த மாத்திரைகள் அசிட்டைல்கோலினைக் கூட்டுகின்றன. கூட்டினால் அவசரமும் கூடலாம். அதற்கு அதைத் தடுக்கும் மாத்திரை. ஒரே உடம்பில் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு. கனடாவின் ஒண்டாரியோவில் முதியவர்களுக்கு இப்படி மருந்துக்கு மருந்தாக ஏறுவதை 2005-லேயே கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். முதலில் பழைய மாத்திரையை என்ன செய்கிறாள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்.

மூன்று வருஷத்தில் அவளை யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை.

“மறந்துபோட்டனா? வேண்டாமுன்னுதான் உட்டேன்” என்றாள். மாத்திரை சாப்பிட்டால் வாய் மரக்கட்டையாகிவிடுகிறது, சோறு இறங்குவதில்லை, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. அதனால் வெளியே போகிற நாளில் மட்டும் போடுகிறாள். பஸ்ஸில் போக வேண்டுமென்றால், கல்யாணமென்றால், அவிநாசித் தேரென்றால். மற்ற நாளில் கக்கூஸ் பத்தடியில் இருக்கிறது, எதற்கு? சில நாளில் காசு மிச்சமென்று பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறாள். அது மெல்லக் கரைவதற்கென்று செய்த மாத்திரை. உடைத்தால் பகல் முழுதும் இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கும். அவள் சொன்ன பஞ்சு நாட்களில் சில, இந்த அரை மாத்திரை நாட்கள்.

முன்பு மருத்துவர்கள் இதைக் கம்ப்ளையன்ஸ் என்றார்கள், கீழ்ப்படிதல். பிறகு கூச்சம் வந்து அட்ஹியரன்ஸ் என்று மாற்றினார்கள், ஒட்டிக்கொண்டிருத்தல். இந்த மருந்துகளை எழுதி வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று எல்லா நாட்டுக் கணக்கும் சொல்கிறது. விட்டவர்கள் எல்லோரும் மறந்தவர்களா? எழுத்தில் மறதிக்கும் மறுப்புக்கும் அதிக தூரமில்லை. அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுகிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மறுக்கிறாள் என்றால் அவளோடு பேச வேண்டும். மறக்கிறாள் என்றால் அவளைப் பற்றி மற்றவர்களோடு பேசினால் போதும். இரண்டாவது சுலபம்.

நம் எழுத்திலும் இதே நிலைதான். உடம்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டதாக நமக்கு ஓர் எண்ணம். பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்று ஒரு தொகுதியே போட்டார், சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். திருப்பூர்ச் சாயத்தையும் நொய்யலையும் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’யில் எழுதினார். ஆனால் நம் கதைக் கிழவிகள் இன்றும் பெரும்பாலும் வெற்றிலை இடித்து, ஞானம் பேசி, சௌகரியமாகச் செத்துப்போகிறார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து சுவரைத் தடவிப் போகிறவளை, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விடுமோ என்று பயப்படுகிறவளை, நான் அதிகம் படிக்கவில்லை.

இப்போது மிராபெக்ரான் கொடுத்திருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் வந்தது. அசிட்டைல்கோலினைத் தொடாமல் வேறு வழியாகப் பையைத் தளர்த்துகிறது. விலை கூடுதல், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதையும் உடைக்கக் கூடாது. வாய் உலர்வதில்லை என்கிறாள். பஞ்சு குறைந்திருக்கிறது, அடுப்பு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை போட்ட நாளுக்குச் சுவர்க் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறாள், டசன் கட்டும்போது இழுத்த மாதிரி, நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே. போன மாசம் ஐந்து நாள் கோடில்லை. அந்தத் தாளைக் கிழித்து டாக்டரிடம் எடுத்துப்போகலாமா பெரியம்மா என்று கேட்டேன்.

“காயிதம் எதுக்கு? அஞ்சு நாளு ஏன் போடலேன்னு அதுல இருக்குதா? நானே வந்து சொல்லிக்கிறேன்” என்றாள்.