மூன்று பானைத் தண்ணீர்

சென்ற ஐப்பசியில் அடைமழை பெய்து ஓய்ந்தபோது, நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் செம்மண் குழம்பாக மாறிவிட்டது. கலாசாலைப் பட்டம் பெற்று, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் நாம் இதற்கு ஒரு பரிகாரம் தேடாமல் இருக்கலாமா? கடையில் விற்கும் இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை; ஆற்று மணல், கூழாங்கல், கரி, மூன்று மண்பானைகள், இவையே போதும் என்று வீட்டாருக்கு அறிவித்தோம்.

மரச்சட்டம் ஒன்றில் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமர்த்தினோம். மேலிரண்டு பானைகளின் அடியிலும் சிறு துவாரம் இட்டுத் தேங்காய் நாரைச் செருகினோம். முதற் பானையில் அடியில் கூழாங்கல், அதன்மேல் பருமணல், அதற்கும் மேல் பொடிமணல். இரண்டாவதில் கூழாங்கல்லின்மேல் இடித்த கரி. மூன்றாவது வெறும் பானை. அதில்தான் தெளிந்த நீர் வந்து சேரவேண்டும்.

வந்து சேர்ந்ததோ மை! கரியைக் கழுவ வேண்டும் என்பது நமக்குத் தோன்றவில்லை.

"கிணற்றில் சிவப்பாகத்தானே இருந்தது? கறுப்பாக்கி விட்டீர்களே!" என்றாள் நம் இல்லாள்.

கரியையும் மணலையும் ஏழெட்டுத் தடவை அலசி மறுபடி நிரப்பினோம். நம் பாட்டியின் வழக்கத்தை நினைவுகூர்ந்து, கிணற்று நீரை முதலில் ஒரு மண்குடத்தில் ஊற்றி, அதன் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைத்தோம். அது சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து அடியில் படிய வைக்கிறது. தெளிந்ததை மாத்திரம் பானையில் வார்த்தோம். மூன்றாம் நாள் பளிங்கு போன்ற தண்ணீர் சொட்டியது. அண்டை வீட்டார் வந்து பார்த்து வியந்தார்கள். நாமும் ஒரு சிறு பிரசங்கம் செய்தோம்.

அன்று மாலை இல்லாள் அந்தத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். நமக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "இவ்வளவு தெளிந்த தண்ணீரையா காய்ச்ச வேண்டும்?" என்று கேட்டோம். அவள் பதில் சொல்லவில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

நாலு நாளைக்கெல்லாம் நம் கடைசிக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. இரண்டு இரவுகள் வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. "குழந்தை என்ன தண்ணீர் குடித்தது?" என்று டாக்டர் கேட்டார். நாம் நம் பானைகளின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலே நிறுத்திக்கொண்டோம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டும்படி அவர் சொன்னார். குழந்தை பிழைத்து எழுந்தது. தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சாதிக்கவில்லை. அல்ல என்று சாதிக்க நமக்கும் வாயில்லை.

பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினோம். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தார் எல்ப் நதியின் நீரை வடிகட்டாமல் குடித்தார்கள். காலராவினால் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்திருந்த ஆல்டோனா நகரமும் அதே நதி நீரைத்தான் குடித்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தபடியால் பெரும்பாலும் தப்பியது. அப்படியானால் நம் மணல் செய்த குற்றம் என்ன? அங்கே பரந்த மணற்படுகையில் தண்ணீர் மெள்ள மெள்ள இறங்கியது. அத்தகைய படுகையின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. கிருமிகளைத் தடுப்பதில் அதற்கே பெரும் பங்கு. அது வளரச் சில வாரங்கள் பிடிக்கும். மணல் காய்ந்தால் அழிந்துபோகும். நம் மணலோ புது மணல். அது சேற்றைத் தடுத்தது. கரி நாற்றத்தைப் போக்கிற்று. கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியாமலே கீழே இறங்கியிருக்கும்.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! நாமே செய்த பொருள் என்ற அபிமானத்தில் அதை மறந்தோம்.

பானைகள் இன்றும் தாழ்வாரத்தில் இருக்கின்றன. மூன்றாம் பானையிலிருந்து தண்ணீர் நேரே அடுப்புக்குப் போகிறது. தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்த பின்பே மூடி வைக்கிறோம். நேயர்களும் இத்தகைய பானைகளைச் செய்து பார்க்கலாம், பிரயாசை அதிகமில்லை. கரியை மட்டும் நன்றாகக் கழுவுங்கள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிற கையைத் தடுக்காதீர்கள்.