சுரங்க வழியும் சுருங்காத தூரமும்

கணினி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். சதுரங்கம் என்றால் மட்டும் சற்றே இளகுவர். என் இல்லத்தில் தங்கிப் படிக்கும் பெறாமகனுக்கும் அந்தச் சலுகை உண்டு. அதற்கு வேறொரு காரணமும் உளது. துபாயில் தொழில் புரியும் என் அண்ணர், அதாவது அவனுடைய தந்தையார், வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் மகனோடு சதுரங்கம் ஆடுவார். அங்கே இரவு எட்டரை மணி, இங்கே பத்து. தொலைபேசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசத் தெரியாத அவ்விருவரும் இந்த ஆட்டத்தின் வாயிலாகவே நாள்தோறும் சந்திக்கின்றனர்.

அவர்கள் ஆடுவது லிச்செஸ் என்னும் தளத்தில். 2010ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தளத்தைப் பிரான்சு நாட்டிலுள்ள இலாபநோக்கற்ற சங்கமொன்று நடத்துகின்றது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. உலாவியைத் திறந்தாற் போதும். ஒருவருக்கு ஒரு நிமிடம் என வைத்துக்கொண்டு ஆடும் வேக ஆட்டத்திலேதான் தொல்லை பிறந்தது. கடைசி ஐந்து செக்கனில் காயை நகர்த்தினாலும், அது போய்ச் சேருமுன் நேரம் முடிந்துவிடுகின்றது என்று பையன் குறைபட்டான். இணையத் தாமதத்துக்கு ஈடாகச் சிறிது நேரத்தை அத்தளமே திருப்பித் தருகின்றது. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ?

"எல்லாரும் வி.பி.என். போடுகினம், சித்தப்பா. கேம் ஆடுறதுக்கெண்டே செய்தது. போட்டால் பிங் குறையுமாம்," என்றான். இலவசமாகக் கிடைத்த ஒன்றை ஏற்கெனவே கணினியில் ஏற்றியும் விட்டான். மாதக் கட்டணம் கட்டினால் இன்னும் வேகமாம்.

வி.பி.என். என்னும் சொல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 2018 மார்ச்சிலும், 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது அதனைத் தேடியோர் பலர். நம் கணினிக்கும் வேறோர் ஊரிலுள்ள சேர்வருக்கும் இடையே பிறர் பார்க்கவியலாத சுரங்க வழியொன்றை அது அமைக்கின்றது. நாம் அனுப்புவன யாவும் முதலில் அச்சேர்வருக்குச் சென்று, பின்னரே உரிய இடத்தை அடையும். தடையைத் தாண்ட இவ்வழி உதவும் என்பது விளங்குகின்றது. வேகம் எவ்வாறு கூடும்?

தாளும் பென்சிலுமாகப் பையனை அருகே இருத்தினேன். பிங் என்பது செய்தி போய்த் திரும்பும் நேரம். கண்ணாடி இழையினூடே ஒளி செல்வது செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். லிச்செஸின் சேர்வர்கள் இருப்பது பிரான்சில். கொழும்பிலிருந்து பாரிசுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர். போய்வர 85 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் நேர்கோட்டிற் செல்வதில்லை. செங்கடலையும் எகிப்தையும் தாண்டி வளைந்து செல்வதாதலின் உண்மையில் இதனினும் மிகும். பையனோ, பக்கத்து ஊர் என்றெண்ணிச் சிங்கப்பூர்ச் சேர்வரைத் தெரிந்தெடுத்திருந்தான். கிழக்கே சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து மீண்டும் மேற்கே பாரிசு போவதாயின் 13,400 கிலோமீற்றருக்குக் குறையாது. போய்வர 134 மில்லிசெக்கன்! யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிறவன் திருகோணமலையைச் சுற்றிப் போவதற்கு இஃது ஒப்பாகும். லிச்செஸ் தளமே பிங்கை எண்ணிற் காட்டும். வி.பி.என்.ஐ நிறுத்திப் பார்த்தோம், எண் குறைந்தது. பையன் வாய் திறக்கவில்லை.

வி.பி.என். ஒருபோதும் வேகந் தராது என்று சொல்லிவிடவும் முடியாது. நமக்கு இணையந் தரும் கம்பெனி நெரிசலான அல்லது சுற்றான பாதையில் அனுப்பும்போது, வேறு பாதை நன்மை தரலாம். 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கருகே செங்கடலடியில் கேபிள்கள் சேதமுற்றன. அவற்றுள் ஒன்றான சீ-மீ-வீ 4 கொழும்பிலும் கரையேறுவது. அத்தகைய வேளைகளில் சிங்கப்பூர்ச் சுற்றுங்கூடக் குறுக்குவழியாய் அமைதல் கூடும்.

பிங்கைவிட எனக்குப் பெரிதாய்ப் பட்டது வேறொன்று. அதே கணினியில் என் மனைவி வங்கி அலுவல் பார்க்கிறாள். நான் மாணவர் புள்ளிகளை ஏற்றுகிறேன். கடவுச்சொற்களை உலாவி தானே மறைத்தனுப்புவதால் அவை பெரும்பாலும் தப்பும். ஆயினும் எவ்வேளையில் எத்தளத்துக்குச் செல்கிறோம் என்பது சுரங்கத்துக்கு உடையவனுக்குத் தெரியும். பேஸ்புக் கம்பெனி 2013இல் வாங்கிய ஒனாவோ என்னும் இலவச வி.பி.என்., மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகின்றனர் என்பதைத் தன் முதலாளிக்குத் திரட்டிக் கொடுத்தது. 2018இல் அப்பிள் கம்பெனியின் கடையிலிருந்து அது நீங்கியது, 2019இல் மூடப்பட்டது. இலவசமாய்க் காவல் காப்பவனுக்குக் கூலி எங்கிருந்து வருகின்றது என்று கேட்பதில் தவறில்லை.

அப்போதுதான் பையன் மெல்லச் சொன்னான்: "அப்பாவையும் போடச் சொன்னனான்." எனக்குப் பகீரென்றது. துபாயில் வி.பி.என். வைத்திருப்பது மட்டுங் குற்றமன்று. ஆனால் அதைக்கொண்டு குற்றம் புரிந்தாலோ, குற்றத்தை மறைத்தாலோ, 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம். சதுரங்கம் ஆடுவது குற்றமில்லைதான். ஆயினும் அங்கே அனுமதியற்ற இணைய அழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. கையில் வி.பி.என். இருக்கையில், மகனின் முகத்தைப் பார்க்க ஒரு நாள் அந்த அழைப்பையும் எடுத்துப் பார்ப்போம் என்று தகப்பன் மனம் எண்ணாதா? மூன்று குடும்பங்கள் அவருடைய ஒரு சம்பளத்தில் நிற்கின்றன. அன்றிரவே அண்ணருடன் பேசினேன். நல்லவேளை, அவர் இன்னும் ஏற்றவில்லை. "எனக்கு அதெல்லாம் எங்கை விளங்குது?" என்றார்.

இலவச வி.பி.என்.ஐக் கணினியிலிருந்து நீக்கினோம். அறையின் மூலையிலிருந்த ரவுட்டருக்குக் கம்பி இணைத்துக் கணினியை அதனோடு பொருத்தினேன். ஆட்ட நேரத்தையும் மாற்றினர்: ஒருவருக்கு மூன்று நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு செக்கன் மேலதிகம். ஒரு சதமும் செலவில்லை. இப்போது ஆட்டம் நீள்வதால் பையன் உறங்கப் பதினொரு மணியாகின்றது என்று மனைவி முணுமுணுக்கிறாள். சென்ற வெள்ளியன்று அண்ணர் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். துபாயில் பிங் சரியில்லையாம்.